வழக்குரையும் வசையுரையும்: மட்டக்களப்பு வாவிக்கரையின் அரசியல் மேடை பற்றிய ஒரு விமர்சன நோக்கு

ஈழத்துத் தமிழ் விமர்சனம் கவிதை, புனைகதை, நாடகம் ஆகிய துறைகளை அணுகிய அக்கறையோடு மேடைப்பேச்சை அணுகவில்லை. பேச்சுக்கலை பற்றி நாம் எழுதியனவற்றுட் பெரும்பாலானவை பாராட்டுரைகளே. இன்னார் மடைதிறந்த வெள்ளமெனப் பேசுவார், இன்னார் அடுக்குமொழியில் வல்லவர் என்ற அளவில் அவை அமைந்துவிடுகின்றன. பேசப்பட்ட பொருள் யாது, அது எவ்வாறு நிறுவப்பட்டது, கேட்டவர் எந்நிலையில் வீடு திரும்பினர், பின்னர் யாது நிகழ்ந்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. அச்சேறாத காரணத்தால் மேடைப்பேச்சு இலக்கியமாகக் கொள்ளப்படவில்லை. கலையாகக் கொள்ளப்பட்டதனால் அரசியலறிஞரும் அதனை நுணுகி நோக்கவில்லை. எனினும் கடந்த எழுபது ஆண்டுகளில் தமிழ் மக்களின் வாழ்வைப் பாதித்த அளவுக்கு வேறெந்தச் சொல்லிலக்கியமும் பாதித்திருக்குமா என்பது ஐயமே.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளையும் அவற்றைச் சார்ந்த பிரதேசத்தையும் களமாகக் கொண்டு, மக்களாட்சி அரசியலில் வெகுசனக் கவர்ச்சிவாதமும் வாய்ச்சாலமும் இயங்கிய முறையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். இப்பிரதேசத்தைத் தெரிந்தமைக்கு இரு காரணங்கள் உள. ஒன்று, தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழ, மேற்கெல்லையில் சிங்களக் குடியேற்றங்கள் அமைந்துள்ள இப்பகுதியில் மேடையிற் சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லும் உடனடியாக அயலூரைச் சென்றடைகின்றது. மற்றையது, சினத்தையும் கட்சி பிரிதலையும் வசைமொழியையும் கையாள்வதற்குத் தனக்கெனச் சில வழிமுறைகளை இப்பிரதேசத்துப் பண்பாடு வகுத்து வைத்துள்ளது. அவ்வழிமுறைகளை அளவுகோலாகக் கொண்டே இங்கு மேடையை மதிப்பிட முயல்கின்றோம்.

1. சொல்லும் பொருளும்

வாய்ச்சால அரசியல்வாதியைச் சுட்ட மேலைத்தேயத்தார் வழங்கும் 'டெமகோக்' என்னும் கிரேக்கச் சொல் ஆதியில் மக்களை வழிநடத்துபவன் என்றே பொருள்பட்டது. அச்சொல் இழிபொருள் பெற்ற வரலாறே ஏதென்சு நகர மக்களாட்சியின் வரலாற்றில் ஒரு பகுதியாகும். சட்டம் மேலோங்கி நிற்கும் இடத்தில் இத்தகையோர் தலையெடுப்பதில்லை என்றும், கூட்டத்தின் அவ்வப்போதைய தீர்மானம் சட்டத்தின் இடத்தைப் பிடிக்கும்போதே இவர்கள் தோன்றுகின்றனர் என்றும் அரிஸ்டோட்டில் தமது 'அரசியல்' என்னும் நூலிற் கருதினார். வெகுசனக் கவர்ச்சிவாதம் என நாம் குறிப்பது இதனோடு தொடர்புடையதாயினும் வேறானது. மக்கள் ஒரே மனத்தினர், தூயவர்; அவர்களுக்கு எதிரே நிற்போர் கயவர் அல்லது துரோகிகள்; மக்களின் மனத்தை அறிந்தவன் நான் ஒருவனே. இம்மூன்று கூற்றுக்களையும் ஒருங்கே கொண்ட அரசியலையே அப்பெயரால் வழங்குகின்றோம்.

மக்களைத் திரட்டுவதெல்லாம் கவர்ச்சிவாதம் ஆகிவிடாது. 1961ஆம் ஆண்டு பெப்ரவரியில் யாழ்ப்பாணத்திலே தொடங்கி மட்டக்களப்புக் கச்சேரி வாயிலுக்கும் பரவிய சத்தியாக்கிரகம் ஒரு மக்கள் இயக்கம். அதன் கோரிக்கை வரையறுக்கப்பட்டிருந்தது. பங்குபற்றியோர் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொண்டனர். துன்பம் ஏற்போர் தாமேயன்றிப் பிறரல்லர் என்பது அதன் அடிப்படை விதி. ஏப்பிரலில் அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டு அது அடக்கப்பட்டது. வெற்றி தோல்வி ஒருபுறமிருக்க, கூட்டம் என்பது தன்னளவில் அறிவிழந்த ஒன்றென்னும் மேட்டுக்குடிக் கருத்தை மறுப்பதற்கு அந்நிகழ்ச்சி ஒன்றே போதுமானது.

மேடை வருவதற்கு முன்னிருந்த நிலைமையையும் இவ்விடத்து மறத்தலாகாது. 1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் சர்வசன வாக்குரிமையை வழங்கிய பின்னரும், படுவான்கரையின் வயற் கிராமங்களிலே வாக்கு என்பது பெரிதும் போடியாரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டதாகவே இருந்தது. குடிவழிச் செல்வாக்கும் நிலவுடைமையும் வேட்பாளரைத் தீர்மானித்தன. ஒலிபெருக்கியும் மேடையும் அப்பிடியைத் தளர்த்தின. வயல் செய்பவனையும் வாவியில் வலை வீசுபவனையும் நேரே விளித்து, நீ ஒரு மக்களினத்தைச் சேர்ந்தவன், உனக்கு உரிமை உண்டு என்று கூறிய முதற் குரல் மேடையின் குரலே. ஆதலின் பழைய ஒழுங்கின் பெயரால் மேடையைப் பழிப்பது எமது நோக்கமன்று. விடுவித்த கருவி பின்னர் எவ்வாறு கட்டிப்போடும் கருவியாயிற்று என்பதே எமது வினா.

2. மூன்று பண்பாட்டு அளவுகோல்கள்

வைகாசித் திங்களில் மட்டக்களப்புப் பிரதேசத்துக் கண்ணகி கோயில்களிலே 'கண்ணகி வழக்குரை' பாடப்படுகின்றது. கண்ணகி கதையின் பல கூறுகளுள் வழக்குரைத்தலே அந்நூலுக்குப் பெயராயமைந்தமை எண்ணிப் பார்க்கத்தக்கது. அநீதிக்குள்ளான பெண் மன்றிலே நுழைகின்றாள், சினத்தோடுதான் நுழைகின்றாள். ஆயினும் அவள் வெல்வது சினத்தினால் அன்று. தன் சிலம்பின் பரல் யாது, அரசியின் சிலம்பின் பரல் யாது என்பதை அவையோர் காணச் சிலம்பை உடைத்துக் காட்டுகின்றாள். எதிரியாகிய அரசனே அச்சான்றை ஏற்கின்றான். சான்று காட்டி எதிரியையும் ஏற்கச் செய்வதே வழக்குரை.

இரண்டாவது, கொம்புமுறி. ஊர் வடசேரி, தென்சேரி என இரு வாரமாகப் பிரிகின்றது. வளைந்த கொம்புகளை ஒன்றோடொன்று கொழுவி, வடம் பூட்டி, இரு பகுதியாரும் ஒன்று முறியும்வரை இழுக்கின்றனர். எதிர் வாரத்தாரை இகழும் வசைப்பாடல்களுக்கு அங்கு குறைவில்லை. ஆனால் அது மழை வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் அம்மனுக்குச் செய்யும் வழிபாடு. எந்த வாரம் வென்றாலும் பெய்யும் மழை இரு சேரிக்கும் பொதுவானது. கட்சி உண்டு, வசை உண்டு. காலமும் களமும் வகுத்த எல்லையும் உண்டு.

மூன்றாவது, குளிர்த்தி. மதுரையை எரித்தவளின் சினம் நியாயமானது என்பதில் இப்பிரதேசத்து மக்களுக்கு ஐயமில்லை. எனினும் நியாயமான சினமும் தணிக்கப்படல் வேண்டும் என்று அவர்கள் கருதினர். சடங்கின் நிறைவாகக் குளிர்த்தி பாடி அம்மனைக் குளிர்விக்கின்றனர். சிலப்பதிகாரக் கண்ணகியே தீக்கு எல்லை விதித்தாள். முதியோரையும் குழந்தைகளையும் விட்டுவிடுமாறு பணித்தாள் என்பது நாமறிந்ததே.

சான்று, எல்லை, தணிப்பு என்னும் இம்மூன்றும் இப்பண்பாடு சினத்துக்கு இட்ட கரைகள். சினத்தை அது பொய்யென்று கூறவில்லை. அடக்கு என்றும் கூறவில்லை. நமது கிராமங்களில் நிலவிய குடி, சாதி ஏற்றத்தாழ்வுகளை இச்சடங்குகள் நீக்கிவிடவுமில்லை. ஆகவே இறந்த காலத்தைப் பொற்காலமாக்குவதற்காக அன்றி, அளவுகோலாகக் கொள்ளும் பொருட்டே இவற்றை எடுத்துரைத்தோம்.

கிரேக்க வரலாற்றிலும் இதற்கோர் ஒப்புமை உண்டு. கி.மு. 427இல் கிளர்ச்சி செய்த மைத்திலீனி நகரத்து ஆடவர் அனைவரையும் கொல்லுமாறு கிளியோன் முதலானோரின் தூண்டுதலால் ஏதென்சு அவை தீர்மானித்தது. மறுநாள் அதே அவை மீண்டுங் கூடி, வாதங்களை மறுபடியுங் கேட்டுத் தன் முடிவை மாற்றிற்று. முன்னர் அனுப்பிய கப்பலைத் தொடர்ந்து அனுப்பப்பட்ட இரண்டாங் கப்பல் உரிய வேளையிற் சென்று கொலையைத் தடுத்தது. அந்த ஓரிரவு இடைவெளியே ஏதென்சின் குளிர்த்தி. அவ்விடைவெளியை ஒழிப்பதிலேயே வாய்ச்சாலத்தின் வெற்றி தங்கியுள்ளது.

3. 'உம்' என்னும் இடைச்சொல்

1944ஆம் ஆண்டு மே மாதம் அரசாங்க சபையிலே ஜே. ஆர். ஜயவர்த்தனா சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தார். திருகோணமலை – மட்டக்களப்புத் தொகுதியின் அங்கத்தவராகிய வி. நல்லையா, தமிழையும் சேர்க்கும் திருத்தத்தைப் பிரேரித்தார். திருத்தம் ஏற்கப்பட்டு, பிரேரணை 27க்கு 2 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேறியது. நமது இலக்கண மரபிற் கூறுவதாயின், சிங்களம் என்றிருந்ததைச் சிங்களமும் தமிழும் என்றாக்கியது எண்ணும்மை ஒன்றே. மேடை முழக்கமின்றி, அவை நடைமுறைக்குட்பட்டு நிகழ்ந்த இச்செயலை நாம் அதிகம் நினைவுகூர்வதில்லை. கூட்டத்தைக் கிளரச் செய்யும் ஆற்றல் அதற்கில்லாமையே காரணம்.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின் அவ்வெண்ணும்மை அகற்றப்பட்டுத் 'தனி' என்னும் அடைமொழி அரியணை ஏறிற்று. 1956 தேர்தலில் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்கா 24 மணி நேரத்துள் தனிச் சிங்களம் என்று வாக்களித்தார். ஒரு நாட்டின் மொழிக் கொள்கை ஒரு பகலுக்கும் ஓர் இரவுக்கும் இடையில் தீர்மானிக்கத்தக்கதன்று என்பதை அவர் அறியாதவரல்லர். சிங்களக் கிராமத்து இளைஞனுக்கு ஆங்கில ஆட்சிமொழி இழைத்த அநீதி உண்மையானது. அதற்கு மாற்றாக வைக்கப்பட்ட வாக்குறுதி மற்றொரு மக்களின் நீக்கத்தை உள்ளடக்கியிருந்தது. கவர்ச்சிவாதத்தின் பொதுவிலக்கணம் இங்கு தெளிவாகின்றது: குறை மெய், பகை புனைவு.

அதன் விளைவை முதலில் உணர்ந்த பகுதிகளுள் வாவிக்கரையை அடுத்த கல்லோயாக் குடியேற்றப் பிரதேசமும் ஒன்று. 1956 யூன் மாதத்திலேயே அங்கு தமிழர் தாக்கப்பட்டனர். 1957 யூலை 26இல் கைச்சாத்தான பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தத்துக்கு எதிராக ஜயவர்த்தனா அதே ஆண்டு ஒக்டோபரிற் கண்டிக்கு நடைபயணந் தொடங்கினார். 1944இல் எண்ணும்மையை ஏற்றவரே 1957இல் அதற்கெதிராக நடந்தார் என்பது மேடையின் கட்டாயம் எத்தகையது என்பதைக் காட்டும். 1958 ஏப்பிரலில் ஒப்பந்தம் கிழித்தெறியப்பட்டது.

1958 மே மாத நிகழ்ச்சிகளின் வரிசை மட்டக்களப்புக்கு மிக முக்கியமானது. மே 22இல் பொலநறுவைப் புகையிரத நிலையத்திலே தாக்குதல் நிகழ்ந்தது. மறுநாள் புகையிரதமொன்று தடம்புரளச் செய்யப்பட்டது. நுவரெலியாவின் முன்னாள் நகரபிதா டி. ஏ. செனிவிரத்தினா மட்டக்களப்பு மாவட்டத்திலே கொல்லப்பட்டது மே 25இல். அடுத்த நாள் வானொலியிற் பேசிய பிரதமர், வன்செயல்களுக்கு அக்கொலையே காரணமாயிற்று என்னும் பொருள்படப் பேசினார். பின்னர் நிகழ்ந்தது முன்னர் நிகழ்ந்ததற்குக் காரணமாக்கப்பட்டது. இக்கால முரணைத் தார்சி வித்தாச்சி தமது 'எமர்ஜென்சி 58' என்னும் நூலில் அம்பலப்படுத்தினார். அவ்வுரையில் வசைமொழி எதுவும் இருந்ததாகக் கூறப்படவில்லை, குரலும் உயரவில்லை. திகதிகளை மாற்றி வைத்தலே போதுமானதாயிற்று. வாய்ச்சாலம் என்பது உரத்துப் பேசுவது மட்டுமன்று. சான்றின் ஒழுங்கைக் குலைப்பது அதன் உயிர்நிலை என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் நமது வரலாற்றில் அரிது.

4. சொல்லே செயலாகிய அரசியல்

பெரும்பான்மையினரின் மேடைக்கும் சிறுபான்மையினரின் மேடைக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்றுளது. பெரும்பான்மைக் கட்சி தேர்தலில் வென்றால் ஆட்சியமைக்கும். அதன் வாக்குறுதி விரைவிலோ தாமதித்தோ சோதனைக்குள்ளாகும். 1952இல் 25 சதத்துக்கு அரிசி என்ற நம்பிக்கையில் வாக்குப் பெற்ற அரசாங்கம் 1953இல் அதனை 70 சதமாக்கியபோது, அவ்வாண்டு ஆகஸ்டு 12இல் நாடளாவிய ஹர்த்தாலை எதிர்கொண்டது. 1970இல் இரண்டு கொத்து அரிசி வாக்களித்து வந்த அரசாங்கம், 1973இன் உணவு நெருக்கடியில் அரிசியை ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு எடுத்துச் செல்வதையே கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. நெல் விளையும் மட்டக்களப்பு விவசாயி இவ்விரட்டை நிலையை நன்கறிவான்: மலிந்த அரிசி தருவோம் என்பதும் நெல்லுக்கு நல்ல விலை தருவோம் என்பதும் ஒரே மேடையில் அவனுக்குச் சொல்லப்பட்டன. எவ்வாறாயினும் இவ்வாக்குறுதிகள் அளந்து பார்க்கத்தக்கவை. அடுத்த தேர்தலில் அவற்றுக்குக் கணக்குக் கேட்கப்பட்டது.

சிறுபான்மைக் கட்சியோ ஆட்சியமைக்க இயலாதது. அதன் பிரதிநிதி ஐந்தாண்டுகளின் பின் மக்களிடம் திரும்பும்போது காட்டத்தக்கதாக அவர் கையில் இருப்பது பெரும்பாலும் அவர் பேசிய பேச்சே. ஆதலின் சொல்லே செயலாகக் கொள்ளப்பட்டது. சொல்லின் வேகமே பணியின் அளவாயிற்று. நேற்றைய சொல் பயன் தராதபோது இன்று அதனினும் வேகமான சொல் தேவைப்பட்டது. உரிமை, சமஷ்டி, தனிநாடு எனக் கோரிக்கைகள் வளர்ந்தமைக்கு அரசின் ஒப்பந்த முறிவுகளே தலையாய காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவ்வளர்ச்சியின் நடையையும் தொனியையும் தீர்மானித்ததில் மேடையின் இவ்வுள்நியதிக்குப் பெரும் பங்குண்டு.

இந்நியதியின் ஆற்றலையும் அவலத்தையும் ஒருங்கே காட்டுவது செல்லையா இராசதுரையின் அரசியல் வாழ்வு. 'சுதந்திரன்' பத்திரிகையிற் பணியாற்றியவர். 'சொல்லின் செல்வர்' என அழைக்கப்பட்டவர். 1956இல் மட்டக்களப்புத் தொகுதியிலே தமிழரசுக் கட்சி சார்பில் முதன்முறையாகத் தெரிவாகி 1977 வரை ஒவ்வொரு பொதுத்தேர்தலிலும் தெரிவானவர். மட்டக்களப்பு மாநகரசபையின் முதல் மேயர். தமிழகத் திராவிட இயக்க மேடையின் அடுக்குமொழி நடையைக் கிழக்கின் கிராமங்களுக்குப் பழக்கியதில் அவருக்கு முக்கிய இடமுண்டு. 'மீன்பாடும் தேனாடு' என்னும் தொடர் அக்காலத்து மேடைகள்தோறும் ஒலித்தது. வாவியின் மீன் பாடுவதைச் சொல்லும் அத்தொடர், வாவியில் மீன்பிடிப்பவனின் வாழ்வைப் பற்றி ஏதும் சொல்லவில்லை என்பதை அன்றைய விமர்சனம் கவனிக்கவில்லை.

1977ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே இரட்டை அங்கத்தவர் தொகுதியான மட்டக்களப்பில், தமிழர் விடுதலைக் கூட்டணியின் பெயரில் இராசதுரையும் தமிழரசுக் கட்சியின் பெயரிற் கவிஞர் காசி ஆனந்தனும் நிறுத்தப்பட்டனர். தமிழரும் முஸ்லிம்களும் இருசாராரும் பிரதிநிதித்துவம் பெற வாய்ப்பளித்த ஓர் ஏற்பாடு, ஒரே அணியைச் சேர்ந்த இரு சொல்வல்லாரின் களமாயிற்று. இராசதுரை வென்றார், காசி ஆனந்தன் தோற்றார், இராசதுரையோடு தெரிவானவர் ஐக்கிய தேசியக் கட்சியின் முஸ்லிம் வேட்பாளர். தனிநாடு பற்றிய கருத்துவேறுபாடு அப்போட்டியில் இருக்கவில்லை. யார் மண்ணின் மைந்தர், யார் யாழ்ப்பாணத் தலைமையின் தெரிவு என்பனவே உட்பொருளாயின.

1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி மட்டக்களப்பை நிலைகுலையச் செய்தது. வீடும் தென்னையும் வயலும் அழிந்த மக்களுக்கு உடனடித் தேவை அரசின் கையிலிருந்தது. 1979இல் அரசியலமைப்பின் இரண்டாந் திருத்தம், எதிர்க்கட்சி அங்கத்தவர் ஒருவர் ஆசனம் இழக்காது அரசுடன் சேர்வதற்கு வழி செய்தது. இராசதுரை கட்சி மாறி அமைச்சரானார். ஒரு மனிதரின் வருகைக்காக நாட்டின் உயர்சட்டம் திருத்தப்பட்டமை, சட்டம் மேலோங்காத இடத்தைப் பற்றி அரிஸ்டோட்டில் கூறியதை நினைவூட்டுகின்றது.

இவ்விடத்து விமர்சனம் இரு எளிய முடிவுகளைத் தவிர்த்தல் வேண்டும். அவர் துரோகி என்பது ஒன்று; அவர் யதார்த்தவாதி என்பது மற்றையது. இருபத்துமூன்று ஆண்டுகள் மேடையில் எழுப்பப்பட்ட உணர்ச்சி, சூறாவளிக்குப் பின்னர் ஒரு கிராமத்துக்குக் கூரை வேய உதவவில்லை என்பது உண்மை. அவ்வுணர்ச்சியை எழுப்பியவரே அதனைக் கேட்டு வாக்களித்தோருக்கு யாதொரு கணக்குங் கொடாது விட்டகன்றமையும் உண்மை. உரிமைப் பேச்சையும் அபிவிருத்திப் பேச்சையும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிறுத்தும் வழக்கு அன்று தொடங்கி இன்றுவரை வாவிக்கரையை விட்டகலவில்லை. வீதியும் பாலமும் கேட்பவன் உரிமையை விற்றவனாகவும், உரிமை கேட்பவன் வீதி வேண்டாதவனாகவும் சித்திரிக்கப்படுகின்றான். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை பாதையிலேறி வாவியைக் கடந்த படுவான்கரை மக்களுக்கு இவ்விரண்டும் வெவ்வேறாக இருந்ததில்லை.

5. துரோகி என்னும் சொல்

வசைப்பாடல் எல்லை கடந்த கதையே இச்சொல்லின் கதை. 1956இலே கல்முனையில் எம். எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சி சார்பில் தெரிவாகிப் பின்னர் அரசுப்பக்கஞ் சேர்ந்தனர். தமிழ் மேடை இதனைத் தனிமனிதரின் வஞ்சகமாக மட்டுமே விளக்கிற்று. 'தமிழ் பேசும் மக்கள்' என்னும் தொடர் முஸ்லிம்களையும் உள்ளடக்கியதாகக் கூறப்பட்டது. அவ்வாறு உள்ளடங்க அவர்கள் விரும்பினரா, எந்நிபந்தனையில் விரும்பினர் என்று கேட்கப்படவில்லை. எண்ணும்மையால் இணைக்க வேண்டியதை ஒரு தொகைச்சொல்லால் மூடிவிட்டோம். 1981இற் காத்தான்குடியிலே ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் தோன்றியமைக்கு இவ்வினா கேட்கப்படாமையும் ஒரு காரணமாகும். அக்கட்சியின் மேடையும் பிற்காலத்திலே சமூகத்தின் ஒற்றுமையையும் கட்சியின் வெற்றியையும் ஒன்றெனக் காட்டி, மாற்றுக் கருத்தினரைச் சமூகத்துக்கு வெளியே நிறுத்தும் வழக்கிலிருந்து தப்பவில்லை.

எழுபதுகளில் இச்சொல்லின் தன்மை மாறிற்று. அதுவரை எதிர்க்கட்சிக்காரனை வாக்குச்சாவடியில் தோற்கடிக்கப் பயன்பட்டது, இப்போது அவன் வாழத் தகாதவன் என்னும் குறிப்பை ஏற்றது. 1975 யூலை 27இல் யாழ்ப்பாண மேயர் அல்பிரட் துரையப்பா கொல்லப்பட்டார். 1977இற் பொத்துவிலிலே கூட்டணி சார்பில் தெரிவாகி அரசுடன் சேர்ந்த எம். கனகரத்தினம் 1978 சனவரியிற் கொழும்பில் சுடப்பட்டார். சுட்டவர் இளைஞர், சொல்லைக் கொடுத்தவர் முதியோர். தாம் உருவகமாகச் சொன்னதை இளைஞர் நேர்ப்பொருளிற் கொண்டனர் என மேடையாளர் பின்னர் கூறியிருக்கலாம். கேட்பவன் எப்பொருளிற் கொள்வான் என்பதை அறிவதே அவையறிதல். வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓரதிகாரமும் அவையறிதலுக்கு வேறோரதிகாரமும் வகுத்தமையின் நுட்பத்தை நாம் சொற்பொழிவாக்கினோமேயன்றி ஒழுக்கமாக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதியிலே மேடை மௌனமாயிற்று. துப்பாக்கி பேசிய காலத்தில் துண்டுப் பிரசுரமும் கம்பத்தில் தொங்கிய அட்டையும் துரோகி என்ற சொல்லைத் தொடர்ந்து சுமந்தன. 1990 ஆகஸ்டு 3இற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையிலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். ஒன்பது நாள்களின் பின் ஏறாவூரிலும் அவ்வாறே நிகழ்ந்தது. செப்டெம்பர் 5இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களுள் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் படையினராற் கொண்டு செல்லப்பட்டுத் திரும்பவில்லை. செப்டெம்பர் 9இற் சத்துருக்கொண்டானிலும் அயற் கிராமங்களிலும் குழந்தைகள் உட்பட நூற்றெண்பதுக்கு மேற்பட்ட தமிழர் கொல்லப்பட்டனர். இவையனைத்தும் ஒரே வாவிக்கரையில் ஆறு வாரங்களுக்குள் நிகழ்ந்தவை. இன்று தமிழ் மேடை சத்துருக்கொண்டானை நினைவுகூர்கின்றது. முஸ்லிம் மேடை காத்தான்குடியை நினைவுகூர்கின்றது. இரண்டும் மெய், இரண்டுக்கும் சான்றுண்டு. ஆயினும் இரு மேடைகளிலும் அகற்றப்பட்டிருப்பது மீண்டும் அந்த எண்ணும்மையே. இறந்தோரைக் கணக்கிடுகையில் 'அவர்களும்' என்று சொல்லத் துணியும் பேச்சாளர் தம் வாக்கை இழக்கக் கூடும். அவ்வச்சமே கவர்ச்சிவாதம் வேரூன்றும் மண்.

6. பிரதேச உணர்வின் பயன்பாடு

யாழ்ப்பாண மேலாதிக்கம் பற்றிய கிழக்கின் மனக்குறையும் முழுமையான புனைவன்று. உத்தியோகம், வர்த்தகம், கட்சித் தலைமை ஆகியவற்றில் வடக்கு பெற்ற முதன்மையை மட்டக்களப்பார் நெடுங்காலமாக உணர்ந்தே வந்தனர். கொள்கையளவில் ஆராய்ந்து தீர்க்கப்பட வேண்டிய அக்குறை, 2004 மார்ச்சிலே கருணா விடுதலைப் புலிகள் இயக்கத்திலிருந்து பிரிந்தபோது திடீரென ஒரு போர்க்குரலாயிற்று. யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகக் கொண்ட வணிகர் மட்டக்களப்பை விட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். பல்லாண்டு கடை வைத்திருந்த அயலவன் ஒரே நாளில் மேலாதிக்கத்தின் உருவமானான். அமைப்பிலுள்ள அநீதியை அயலவனின் முகத்திற் காட்டுவது எங்கும் காணப்படும் உத்தி. 1956இற் சிங்கள மேடை தமிழ் எழுதுவினைஞனுக்குச் செய்ததும் அதுவே.

2008 மே 10இல் கிழக்கு மாகாணசபைக்கு முதற்றேர்தல் நடைபெற்றுச் சிவநேசதுரை சந்திரகாந்தன் முதலமைச்சரானார். 2020 பொதுத்தேர்தலில் அவர் விளக்கமறியலிலிருந்தவாறே மாவட்டத்தின் மிகக் கூடிய விருப்பு வாக்குகளைப் பெற்றார். 2024இல் அவர் தோல்வியுற்றார். நாட்டின் இருபத்திரண்டு தேர்தல் மாவட்டங்களுள் தேசிய மக்கள் சக்தி முதலிடம் பெறாத ஒரே மாவட்டமாக மட்டக்களப்பு விளங்கியது. தமிழரசுக் கட்சி அங்கு ஐந்தில் மூன்று ஆசனங்களைப் பெற்றது. நான்காண்டு இடைவெளியில் நிகழ்ந்த இம்மாற்றத்தைச் சிலர் மக்களின் விழிப்பு என்பர், சிலர் பழைய பற்றுக்குத் திரும்புதல் என்பர். வாக்கு எண்ணிக்கை மட்டும் இதனைத் தீர்த்துவைக்காது. ஒன்று மட்டும் தெளிவு: வாவிக்கரை வாக்காளன் எவருடைய பையிலும் நிரந்தரமாக இல்லை. அவனை ஒரே மனத்தினனாகக் காட்டிப் பேசும் ஒவ்வொரு மேடையையும் அவன் ஒருமுறையேனும் பொய்ப்பித்துள்ளான்.

தேர்தல் முறையும் இங்குக் கவனிக்கற்பாலது. 1989இல் நடைமுறைக்கு வந்த விருப்பு வாக்கு முறையின் கீழ் மாவட்டம் முழுவதும் ஒரே தொகுதியாயிற்று. ஒரே பட்டியலிலுள்ளோர் ஒருவரோடொருவர் போட்டியிடுகின்றனர். கொள்கை வேறுபாடற்ற அப்போட்டியில் தம்மை வேறுபடுத்திக் காட்ட வேட்பாளருக்குக் கிடைப்பன ஊர், குடி, உரத்த குரல் என்பனவே. தனிமனிதரின் ஒழுக்கக்கேட்டை மட்டுஞ் சாடுவோர், அக்கேட்டுக்கு ஊதியம் வழங்கும் முறையை மறந்துவிடுகின்றனர்.

7. முடிவுரை

வெகுசனக் கவர்ச்சிவாதம் பொய்யான குறையிலிருந்து பிறப்பதில்லை என்பதும், மெய்யான குறையிலிருந்து சான்றையும் எல்லையையும் தணிப்பையும் நீக்கியபின் எஞ்சுவதே அது என்பதும் இதுகாறுங் கூறியவற்றாற் பெறப்படும். குறை மெய்யாயிருப்பதனாலேயே அதனை எதிர்ப்பது கடினமாகின்றது. பேச்சாளரை மறுப்பவன் குறையையே மறுப்பவனாகக் கருதப்படுகின்றான். உரிமை இழந்த மக்களிடையே இவ்வாபத்து இரட்டிப்பாகும். தம் பேச்சாளரை விசாரித்தல் பகைவனுக்கு உதவுவதாகும் என்று அவர்கள் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தின் விலையை 1975 தொடக்கம் நாம் செலுத்தி வந்துள்ளோம்.

எனவே மேடையை ஒழிப்பதன்று, அதனை வழக்குரையாக்குவதே தேவை. மூன்று வினாக்களை ஒவ்வொரு பேச்சாளரிடமும் கேட்கலாம். நீர் கூறும் குறைக்குக் காட்டும் பரல் யாது? உமது வசை எவ்விடத்தில் நிற்கும்? நீர் எழுப்பும் சினத்தைத் தணிக்கும் பொறுப்பை யார் ஏற்பார்? இவ்வினாக்கள் நம்மவரை நோக்கியும் பிறரை நோக்கியும் ஒரே குரலிற் கேட்கப்படல் வேண்டும்.

இதன்கண் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்க்கு ஒரு கடமை உண்டு. தேர்தற்காலத் துண்டுப் பிரசுரங்கள், பத்திரிகைகளில் வெளிவந்த பேச்சுச் சுருக்கங்கள், பாராளுமன்ற அறிக்கைகள், முதியோர் நினைவிலுள்ள கூட்டங்கள் ஆகியன கிராமங்கள்தோறும் சேகரிக்கப்படாது அழிந்துகொண்டிருக்கின்றன. கூத்துப் பிரதிகளைத் தேடிப் பதிப்பித்த தலைமுறையின் உழைப்பால் நாம் வடமோடியையும் தென்மோடியையும் அறிந்தோம். அதே உழைப்பை மேடைப்பேச்சுக்கும் செலவிடல் வேண்டும். களுவாஞ்சிக்குடியிற் பேசப்பட்டதையும் காத்தான்குடியிற் பேசப்பட்டதையும் அம்பாறையிற் பேசப்பட்டதையும் அருகருகே வைத்துப் படிக்கும் ஆய்வாளன் ஒருவன் தோன்றும்போதுதான், ஒரே கிழமையில் ஒரே வாவியைச் சுற்றிச் சொல்லப்பட்டவை எவ்வளவு ஒத்திருந்தன என்பதை நாம் அறிவோம்.